குதிரைமலையில் குதிரை இல்லை

கம்பஸில் யாராவது ஊர் எது எண்டு கேட்டு, நாங்கள் "புத்தளம்" எண்டு சொன்னால், அடுத்த வசனம் பெரும்பாலும் கழுதைப் பகிடிதான். தமிழிலும் வரும், சிங்களத்திலும் வரும். நாங்களும் சிரிச்சிட்டு விட்டுவிடுவம். ஆனா புத்தளம் மாவட்டத்தின் கரையில் கழுதையைவிடப் பழைய பெயர் எடுத்த ஒரு மிருகம் இருக்கு. அந்தப் பெயர் இன்றும் வரைபடத்தில் இருக்கு, மிருகம்தான் இல்லை. அதுதான் குதிரைமலை.

குடும்பத்தோட லீவுக்கு எங்க போகலாம் எண்டு தேடினால் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வழக்கமான பட்டியல் வரும்: கற்பிட்டியில் டொல்பின், காற்றாடிச் சறுக்கல், ஒல்லாந்தர் கோட்டை, தலவில் சாந்த அன்னம்மாள் கோயில், வில்பத்து சஃபாரி. குதிரை பார்க்க வேணும், பிள்ளைகளைக் குதிரையில் ஏத்த வேணும் எண்டால் நுவரெலியாவுக்குப் போகச் சொல்லுவாங்க. அங்க 1875இல் தொடங்கின குதிரைப் பந்தயத் திடல் இருக்கு, கிரகரி வாவிக் கரையில் மட்டக்குதிரைச் சவாரியும் இருக்கு. ஆனா இலங்கையில் குதிரையின் கதை குளிர் மலையில் தொடங்கவில்லை. எங்கட மாதிரி வெயிலும் உப்பும் புழுதியும் உள்ள கரைகளில்தான் தொடங்கினது. இந்தக் கட்டுரை அந்தக் கதையைத் தேடிப்போன கட்டுரை.

ஒரு பாறை, பல சொந்தக்காரர்

குதிரைமலை இப்போ வில்பத்து தேசியப் பூங்காவுக்குள்ளே இருக்கு. வில்பத்து 1938இல் தேசியப் பூங்காவானது, போர்க்காலத்தில் நீண்ட காலம் மூடிக் கிடந்தது. புத்தளத்திலிருந்து போறவங்க எலுவன்குளம் வாசலால் உள்ளே போகலாம். ஜீப்பில் போற அநேகமானவங்களுக்கு வேண்டியது சிறுத்தை. சிறுத்தை கண்ணில் படாத நாளில் கடற்கரையையும் பார்ப்பம் எண்டு சிலர் குதிரைமலைப் பக்கம் வருவாங்க. மலை எண்டு பெயர் இருந்தாலும் அது மலை இல்லை. கடலுக்குள் நீண்டு நிற்கிற ஒரு முனை. செம்மண், கீழே நீலக் கடல், மேலே காற்று. அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுக்குள்ளே எத்தனை கதை! அல்லி அரசாணி எண்ட ராணி இங்கிருந்து ஆண்டாள், முத்தைக் கொடுத்து அரேபியரிடம் குதிரை வாங்கினாள் எண்டு தமிழ் வாய்மொழி சொல்லும். சிங்களக் குடும்பத்தோட வந்த வழிகாட்டி அதே இடத்தில் விஜயனையும் குவேனியையும் பற்றிச் சொல்லுவார். மகாவம்சத்தில் விஜயனின் ஆட்கள் தரையில் கை ஊன்றினதும் கை செம்பு நிறமானது, அதனால் அந்த இடத்துக்குத் தம்பபண்ணி எண்டு பேர் வந்தது எண்டு ஒரு கதை வரும். இங்கேயுள்ள செம்மண்ணைப் பார்த்தவங்களுக்கு அந்தக் கதையை இங்கே கொண்டுவந்து பொருத்துவது கஷ்டமில்லை.

மூன்றாவது கதை உரோமிலிருந்து வருது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் பிளினி எழுதின 'இயற்கை வரலாறு' எண்ட நூலின் ஆறாம் பகுதியில், அன்னியஸ் புளோகாமஸ் எண்டவருடைய விடுதலை பெற்ற அடிமை ஒருவர் அரேபியக் கரையருகே காற்றில் அடிபட்டு இலங்கைக்கு வந்த கதை இருக்கு. அவர் இறங்கின துறையின் பெயர் ஹிப்புரோஸ். கிரேக்கத்தில் ஹிப்போஸ் எண்டால் குதிரை. அதை வைத்து, அந்தத் துறை குதிரைமலைதான் எண்டு பலர் எழுதியிருக்காங்க. பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்து இடத்தை முடிவு பண்ணுவது ஆபத்து எண்டது வரலாற்றுத் துறையில் முதல் வருஷமே படிப்பிக்கிற பாடம். ஆனா புளோகாமஸ் கற்பனை ஆள் இல்லை. அவருடைய இன்னொரு அடிமை கி.பி. 6இல் எகிப்துப் பாலைவனப் பாதையில் பொறித்துவிட்டுப் போன எழுத்து கிடைத்திருக்கு. செங்கடலுக்கும் எங்கட கடலுக்கும் நடுவே கப்பல் போய்வந்த காலம் அது.

நாலாவதாக ஒரு வழக்கும் இருக்கு. புறநானூற்றில் குதிரைமலைத் தலைவன் பிட்டங்கொற்றன் வருகிறான். இலங்கையில் சிலர் அது எங்கட குதிரைமலை எண்டார்கள். தமிழ்நாட்டு அறிஞர்கள் அதைக் கொங்கு நாட்டுப் பக்கம் வைக்கிறார்கள். எங்களுக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுது. சங்கப் பாட்டில் வருகிற குதிரைமலை வேட்டுவரும் தினைப்புனமும் உள்ள மலைநாடு. எங்கட முனையில் தினை விதைக்க முடியாது. சொந்த ஊருக்குப் பெருமை சேர்க்க வேணும் எண்டதுக்காக மற்ற ஊரின் பாட்டை இழுத்துக்கொண்டு வரத் தேவையில்லை.

கப்பலில் வந்த மிருகம்

யானை இந்த மண்ணின் மிருகம், குதிரை அப்படி இல்லை. கண்டி இராச்சியத்தில் 19 வருஷம் கைதியாக இருந்து 1679இல் தப்பின ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் புத்தகத்தில் அந்த நாட்டு மிருகங்களை எண்ணிக்கொண்டு வரும்போது குதிரையும் கழுதையும் அங்கே கிடையாது எண்டு எழுதுகிறார். உள்நாட்டில் இல்லாத மிருகம் கரையில் இருந்தது எண்டால், அது கடல்வழி வந்தது எண்டுதான் அர்த்தம்.

அந்த வரவு மிகப் பழையது. அநுராதபுரத்தை கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பிடித்து 22 வருஷம் ஆண்ட சேனன், குத்திகன் எண்ட இரண்டு தமிழரை மகாவம்சம் குதிரைக் கப்பல்காரனின் மக்கள் எண்டு அறிமுகப்படுத்துது. நீதியாக ஆண்டார்கள் எண்டும் சொல்லுது. இலங்கை வரலாற்றில் பெயரோடு வருகிற முதல் தமிழ் ஆட்சியாளர்கள் குதிரை வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள்! பள்ளிக்கூடப் புத்தகத்தில் இந்த இரண்டு பெயரும் பரீட்சைக்கு வரும். அவர்களுடைய அப்பா என்ன தொழில் செய்தார் எண்டு யாரும் கேட்டதில்லை. அந்தத் தொழிலை யோசித்தால்தான் கடற்கரைக்கும் அநுராதபுரத்துக்கும் இடையே இருந்த உறவு விளங்கும்.

காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்து இறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்லுது. மாணிக்கவாசகரின் கதையே பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தில்தானே தொடங்குது? நரி பரியானது புராணம் எண்டாலும், அரச கருவூலத்தின் பெரிய செலவு குதிரை எண்டது உண்மை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹொர்முஸிலிருந்தும் அரேபியத் துறைகளிலிருந்தும் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் குதிரை வந்ததையும், பராமரிக்கத் தெரியாததால் அவை செத்துப்போனதையும் எழுதுகிறார். சோற்றையும் இறைச்சியையும் சேர்த்துக் குதிரைக்குக் கொடுத்தார்களாம். நல்ல குதிரையை வைத்து இனம் பெருக்கினாலும் குட்டி நோஞ்சானாகத்தான் பிறந்ததாம். ஒவ்வொரு வருஷமும் செத்தால் ஒவ்வொரு வருஷமும் வாங்க வேணும். வியாபாரிக்கு அது நட்டமில்லை.

பாண்டியரின் பெரிய துறையான காயல் எங்கட கரைக்கு எதிரே, மன்னார் குடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கு. 1344இல் மாலைதீவிலிருந்து வந்த இப்னு பதூதா இறங்கின ஆரியச் சக்கரவர்த்தியின் ஊரை அவர் பத்தாலா எண்டு எழுதுகிறார். அது புத்தளம் எண்டு பலரும் கொள்ளுகிறார்கள். மரமதில் சூழ்ந்த ஊர், கரையெல்லாம் கறுவாக் கட்டை, பாரசீகம் விளங்கின அரசன், முத்து. அரேபியம், பாரசீகம், மலபார், காயல், புத்தளம் எண்டு ஒரே கடல் வட்டம். குதிரையும் அந்த வட்டத்தில் சுத்தின சரக்கு.

நயினாதீவுக் கல்

இதுக்கெல்லாம் கல்லில் வெட்டின சாட்சி வேணும் எண்டால் நயினாதீவுக்குப் போக வேணும். நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கு. 12ஆம் நூற்றாண்டு. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள அரசன், வடக்குத் துறைமுகத்துக்குத் தமிழில் போட்ட கட்டளை. பரதேசிகள், அதாவது வெளிநாட்டு வணிகர், ஊராத்துறையில் வந்து தங்கலாம், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு எண்டு சொல்லுது. இன்றைய ஊர்காவற்றுறைதான் அது. அடுத்து முக்கியமான வரி: யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேற சரக்குக் கப்பல் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு.

கொஞ்சம் நின்று யோசிச்சுப் பாருங்க. துணியோ வாசனைத் திரவியமோ ஏத்தின கப்பல் உடைந்தால் அரசு பாதியை எடுக்கும். குதிரைக் கப்பல் உடைந்தால் காலை மட்டும் எடுக்கும். இது ஒரு சலுகை. "நீ தொடர்ந்து குதிரை கொண்டு வா" எண்டு அரசன் வியாபாரிக்குச் சொல்லுற விதம். இன்றைக்கு முதலீட்டாளருக்கு வரிச்சலுகை குடுக்கிற மாதிரிதான்.

கடலே வேலி

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள். கோவாவில் அரபுக் குதிரை இறக்குமதியைக் கையில் வைத்திருந்த அவர்களுக்குக் குதிரையின் விலை நல்லாத் தெரியும். வாங்கிக்கொண்டே இருக்கிறதை விட வளர்த்தால் என்ன எண்ட யோசனைக்கு நெடுந்தீவு பொருத்தமான இடம். வறண்ட காற்று, புல்வெளி, வேட்டை மிருகம் இல்லை, சுத்திவரக் கடல். வேலி போடத் தேவையே இல்லை. முன்பே அது பசுத்தீவு எண்டு பெயர் பெற்ற மேய்ச்சல் நிலம். போர்த்துக்கேயரும் அதைத் தங்கட மொழியில் பசுக்களின் தீவு எண்டுதான் அழைத்தார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தங்கட நாட்டு நகரப் பெயர்களைத் தீவுகளுக்கு வைத்தார்கள். வேலணைக்கு லெய்டன், காரைநகருக்கு அம்ஸ்டர்டாம், நெடுந்தீவுக்கு டெல்ப். மற்றப் பெயர்கள் எல்லாம் உதிர்ந்துபோச்சு, டெல்ப் மட்டும் ஒட்டிக்கொண்டது. குதிரை வளர்ப்பையும் ஒல்லாந்தர் தொடர்ந்தார்கள். ஆங்கிலேயர் காலத்தின் தொடக்கத்தில் அந்தத் தீவுக்குப் பொறுப்பாக இருந்த நோலன் எண்ட அதிகாரியின் பெயரும் இந்தக் கதையோட சேர்ந்தே வரும்.

ஒல்லாந்தர் எங்கட பக்கமும் சும்மா இருக்கவில்லை. கற்பிட்டிக் கோட்டையை 1667க்கும் 1676க்கும் இடையில் கட்டினார்கள். புத்தளம் அப்போ கண்டி அரசின் கடல் வாசல். உப்பும் கருவாடும் உள்ளே போகும், பாக்கு வெளியே வரும். கற்பிட்டியில் கோட்டை நின்றால் அந்த வாசலின் கழுத்தைப் பிடிச்ச மாதிரி. 1766 ஒப்பந்தத்தில் கரை முழுவதும் அவர்கள் கைக்குப் போச்சு. எங்கட வரைபடத்தில் போர்த்துக்கல் குடா, ஒல்லாந்தர் குடா எண்டு பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெயர் இருக்கு. அந்தப் பெயர்களைப் பார்க்கிறப்போ நெடுந்தீவு வேற ஊர் மாதிரித் தெரியவில்லை.

லாயம் பார்க்கப் போறவங்களுக்கு

நாங்கள் நாலு பேர் போன வருஷம் நெடுந்தீவுக்குப் போனது இந்தத் தேடலில்தான். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் குறிகட்டுவான், அங்கிருந்து கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலப் படகு. காலையில் போய்ப் பின்னேரப் படகில் திரும்பலாம். தீவுக்குள் ஆட்டோவும் ட்ரக்டரும் வாடகைக்கு வரும். ஒரு சைக்கிள் கிடைத்தால் இன்னும் நல்லம். ஒழுங்கைகளின் இரண்டு பக்கமும் பவளக் கல்லை அடுக்கின மதில்கள். சாந்து இல்லை, சீமெந்து இல்லை, அடுக்கின கைதான் பலம். கோட்டை இடிபாடு, புறாக்கூடு, பெருக்குமரம், வெடியரசன் கோட்டை எண்டு எல்லாமே சுற்றுலாப் பட்டியலில் இருக்கு. வெடியரசனுக்கும் மீகாமனுக்கும் நடந்த சண்டைக் கதை கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடினதில் தொடங்குது. தீவில் யாரையாவது பெரியவரைப் பிடிச்சுக் கேளுங்க, பலகையில் எழுதினதை விட நல்லாச் சொல்லுவாங்க.

குதிரை லாயத்தில் மிஞ்சினது வரிசையாக நிற்கிற கல் தூண்கள். கூரை இல்லை. குதிரைகள் அங்கே இல்லை, வெளியே தெற்குப் பக்க வெளியில் நிற்குது. குட்டையான உடம்பு. ஆள் கிட்டப் போனால் கூட்டமாக நகர்ந்துவிடும். குதிரைப் பண்ணை எண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிப்போனால் ஏமாந்துபோவாங்க. சவாரி இல்லை, கரட் குடுக்கிற விளையாட்டும் இல்லை. பண்ணை மூடி, முதலாளி கப்பலேறி, வேலைக்காரன் மட்டும் மிஞ்சின இடம் அது. அந்த வேலைக்காரன் குதிரை.

வெயில் காலத்தில் நிலைமை கடினம். தீவில் நல்ல தண்ணீர் கொஞ்ச இடத்தில்தான் ஊறும். சனத்துக்கே தட்டுப்பாடு வரும்போது குதிரைக்கு யார் இறைக்கிறது? வரட்சியில் குதிரைகள் சாவதும், தொட்டியில் தண்ணீர் நிரப்பச் சிலர் ஓடித்திரிவதும் செய்தியாக வரும். 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு நல்லது. தண்ணீர்த் தொட்டி அதைவிட நல்லது.

அந்தப் படகைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெடுந்தீவுச் சேவையில் வடதாரகை, நெடுந்தாரகை எண்ட படகுகளோடு சேர்த்து குமுதினி எண்ட பெயரையும் கேள்விப்படுவீங்க. 1985 மே 15இல் குமுதினியில் குறிகட்டுவானுக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள், குழந்தைகளும் பெண்களுமாக, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கடற்படையினரே செய்தார்கள் எண்டு தப்பினவர்கள் சாட்சி சொன்னார்கள். தீவில் நினைவுத்தூபி இருக்கு. சுற்றுலா வீடியோக்களில் குதிரை வரும், பெருக்குமரம் வரும், இந்தத் தூபி வராது. குடும்பமாகப் போறவங்க அங்கேயும் ஒரு நிமிஷம் நிக்கலாம். பிள்ளைகளுக்கு விளங்காது எண்டு நினைக்காதீங்க.

கழுதைகளின் பக்கம்

சரி, புத்தளத்துக்குத் திரும்பி வருவம். மன்னாரிலும் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் தெருவில் திரியுற கழுதைகளும் கடல்வழி வந்தவைதான். அரபு வணிகர் கொண்டுவந்தார்கள் எண்டு ஊரில் சொல்லுவாங்க. உப்பளமும் மணலும் உள்ள ஊரில் சுமைக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. மாடு களைக்கிற வெயிலில் கழுதை நடக்கும், கிடைச்சதைத் தின்னும். லொறி வந்ததும் அதன் வேலை போச்சு. குதிரைக்கு நடந்ததேதான்.

ஆனா இரண்டுக்கும் கிடைச்ச மரியாதை ஒண்டில்லை. நெடுந்தீவுக் குதிரைக்குப் பூங்கா, போஸ்ட்கார்ட், "காட்டுக் குதிரை" எண்ட கம்பீரமான பெயர். புத்தளத்துக் கழுதைக்குக் குப்பைத் தொட்டி, பொலித்தீன், பகிடி. இரவில் சூடான தார் வீதியில் படுத்திருக்கும்போது வாகனம் அடிச்சுப்போட்டுப் போகும். மன்னாரில் கழுதைகளுக்கு எண்டே ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கி, பிள்ளைகள் அவற்றோட பழகவும் வழி செய்திருக்காங்க. எங்கட ஊரிலும் செய்ய முடியாத வேலையில்லை. இரவில் ஒளிர்கிற பட்டி ஒண்டைக் கழுத்தில் கட்டினாலே பல உயிர் தப்பும்.

வந்தது எப்போ சொந்தமாகும்?

இவ்வளவு தூரம் குதிரைக்குப் பின்னால் போனதுக்கு எங்களுக்கு ஒரு காரணம் இருக்கு. எங்கள் நாலு பேரில் இரண்டு பேரின் குடும்பம் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வந்தது. அந்த மாதக் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை, சுமார் 75,000 பேரை, வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்குக் கிடைச்ச அவகாசம் இரண்டு மணித்தியாலம். பெரும்பகுதி சனம் புத்தளத்துக்கும் கற்பிட்டிப் பக்கத்துக்கும் வந்தது. ஓலைக் கொட்டில் முகாம்கள் பிறகு கிராமங்களாச்சு. புத்தளத்தில் பிறந்து, புத்தளத்துப் பள்ளிக்கூடத்தில் படிச்சு, புத்தளம் எண்டு கம்பஸ் படிவத்தில் எழுதுகிற எங்கட தலைமுறையை ஊருக்குள்ளே இன்னும் சிலர் "அகதி" எண்டுதான் சொல்லுறாங்க. யாழ்ப்பாணத்துக்குப் போனால் அங்கே "புத்தளத்து ஆட்கள்".

மனுசரையும் மிருகத்தையும் ஒப்பிட நாங்கள் வரவில்லை. சொல்லைத்தான் பார்க்கிறம். நெடுந்தீவுக்குக் குதிரை வந்து ஏறத்தாழ நானூறு வருஷம்தான். அதை ஒருத்தரும் போர்த்துக்கேயக் குதிரை எண்டு சொல்லுறதில்லை, நெடுந்தீவுக் குதிரை எண்டுதான் சொல்லுறம். பெருக்குமரம் ஆபிரிக்காவிலிருந்து வந்தது, அதை மன்னாரின் அடையாளம் எண்டு கொண்டாடுறம். ஊராத்துறைக்கு வந்த பரதேசிக்கு பராக்கிரமபாகு பாதுகாப்பு எழுதிக்கொடுத்தான். இந்தக் கரைகளின் வரலாறு முழுக்க வந்தவர்களின் வரலாறுதான். கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கை ஊர்களை அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூல் எழுதினார். பிறகு தமிழ்ப் புலவர் வரலாற்றையும் எழுதினார். அவருடைய செட்டிச் சமூகமும் ஒரு காலத்தில் கடல் கடந்து வந்ததுதான்.

குதிரைமலைக்கு யார் முதல் வந்தது எண்ட சண்டை முடியாது. அல்லியா, குவேனியா, உரோமனின் அடிமையா? ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒவ்வொரு கதை, ஒரு ஜீப்பில் இருக்கிறவங்களுக்கு மற்ற ஜீப்பின் கதை தெரியாது. எங்களுக்குப் பிடிச்ச வேலை ஒண்டு இருக்கு. அந்த முனையில் ஒரு பலகை, மூன்று மொழியில், எல்லாக் கதையும் பக்கத்துப் பக்கத்தில். எது ஐதீகம், எது ஏடு, எது கல்வெட்டு எண்டு பிரிச்சுக் காட்டி. பூங்கா அதிகாரிகளுக்கு எழுதப்போற கடிதத்தின் முதல் வரைவு தயார். சிங்களப் பகுதியைத் திருத்தித் தர ஒரு நண்பர் தேவை. ஆர்வமுள்ளவங்க எங்களோட பேசுங்க.

அதுவரைக்கும், அடுத்த முறை யாராவது புத்தளத்துக் கழுதைப் பகிடி விட்டால், சேனனும் குத்திகனும் யாருடைய பிள்ளைகள் எண்டு கேட்டுப் பாருங்க.